பத்து நாள் சென்னை: முன்பு இங்கே குடியிருந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர் திட்டம் போட்டுக்கொண்டு வருகிறார். இங்கேயே பத்து இருபது வருடம் குடியிருந்துவிட்டு, வேலைக்கோ கல்யாணத்துக்கோ வெளியே போய், வெகுநாள் கழித்து லீவில் வருகிறவர் போடுவதில்லை. "நம்ம ஊர்தானே, பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிடுகிறார். அப்புறம் பாதி நாள் டாக்ஸியில் கழிகிறது. போகாத வீட்டு அத்தை கோபித்துக்கொள்கிறார். முக்கியமான வங்கி வேலை "திங்கட்கிழமை வாங்க" என்று நிற்கிறது, விமானமோ ஞாயிற்றுக்கிழமை ராத்திரி.

ஊரின் அளவே மாறிவிட்டது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். 2011-ல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அம்பத்தூர், திருவொற்றியூர், சோழிங்கநல்லூர் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. அதைவிட முக்கியம், உங்கள் மனிதர்கள் இடம் மாறியிருப்பார்கள். மயிலாப்பூரில் நடந்துபோய்ப் பார்த்த நண்பர் இப்போது நாவலூரிலோ மேடவாக்கத்திலோ இருப்பார். ஞாபகத்தில் உள்ள தூரக் கணக்கை நம்பி ஒரு நாளில் நாலு வீடு என்று போட்டால் இரண்டுதான் நடக்கும்.

நான் மேற்கு மாம்பலத்துக்காரன். அதனால் எடுத்துக்காட்டுகள் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும். வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, பேட்டையை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் தேதி

மே மாதம் வேண்டாம். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் ஆரம்பித்து 28 வரை போகும். மதியம் வெளியே தலைகாட்ட முடியாமல் தினமும் நாலைந்து மணி நேரம் வீணாகும். பிள்ளைகளின் பள்ளி லீவு அப்போதுதான் என்றால், காலை பத்து மணிக்குள் ஒரு வேலை, மாலை ஐந்துக்கு மேல் ஒரு வேலை என்று ஒப்புக்கொண்டுதான் வரவேண்டும்.

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை. எல்லா வருடமும் வெள்ளம் வருவதில்லை. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே சில நாள் மூடிக்கிடந்தது. 2016-ல் வர்தா புயல். 2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் ஓடுபாதை மறுபடியும் நீரில் மூழ்கியது. ஒரு மாதம் தங்குகிறவருக்கு மூன்று நாள் முடங்கினால் பரவாயில்லை. பத்து நாளில் மூன்று நாள் போவது பெரிய நஷ்டம்.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதி வரை ஊர் அருமையாக இருக்கும். மார்கழிக் கச்சேரி, சபா கேண்டீன், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி, பொங்கல். மனிதர்களைப் பார்க்க மட்டும் வருவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இந்த நாட்களை எடுக்கலாம். ஆபீஸ் வேலை எதுவும் இருந்தால் பொங்கல் வாரத்தைத் தவிருங்கள். அரசு அலுவலகங்கள் தொடர்ந்து மூடியிருக்கும், பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். நீங்களும் சொந்த ஊருக்குப் போவதானால் ரயில் முன்பதிவு இப்போது 120 நாளுக்கு முன்பு இல்லை, 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பரிலிருந்து இப்படி.

என்னைக் கேட்டால் பிப்ரவரி. வெயில் ஏறியிருக்காது, மழை கிடையாது, பண்டிகை நெரிசல் இல்லை, டிக்கெட்டும் மலிவு. மார்ச் கடைசி வரை தள்ள முடிந்தால் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழா கிடைக்கலாம். அறுபத்து மூவர் அன்று மாட வீதிகளில் நடந்தால் கூட்டத்தில் பழைய முகம் ஒன்றாவது எதிர்ப்படும்.

கிளம்பும் முன்: ஃபோன் நம்பர், வங்கி, காகிதம்

மற்ற எல்லாவற்றையும்விட உங்கள் பழைய இந்திய ஃபோன் நம்பர் முக்கியம். வங்கி, ஆதார், பான், வருமானவரி, மின்வாரியக் கணக்கு எல்லாமே அந்த நம்பருக்குத்தான் ஓ.டி.பி. அனுப்பும். 90 நாள் உபயோகிக்காமல் கிடந்தால், கணக்கில் பணமும் இல்லையென்றால், நிறுவனம் அந்த இணைப்பைத் துண்டிக்கலாம். பிறகு அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். நம்பர் போன பிறகு ஒவ்வொரு இடத்திலும் அதை மாற்றுவது தனி அலைச்சல். இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால் இன்றைக்கே ரீசார்ஜ் செய்யுங்கள். போய்விட்டதென்றால் ஊரில் இறங்கியதும் முதல் வேலை புது சிம், இரண்டாவது வேலை அதை வங்கியில் பதிவு செய்வது.

வங்கிக் கணக்கில் இரண்டு வருடம் நீங்களாக எதுவும் போடவோ எடுக்கவோ இல்லையென்றால் அது செயல்படாத கணக்காகிவிடும். கே.ஒய்.சி. (அடையாள, முகவரி ஆவணங்கள்) கொடுத்தால் மீண்டும் உயிர் வரும், அதற்குக் கட்டணம் கிடையாது. பத்து வருடம் அப்படியே கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போய்விடும். போனாலும் தொலைந்ததாக அர்த்தமில்லை, வங்கி வழியாகக் கேட்டு வாங்கலாம். அப்பா, அம்மா பெயரில் மறந்துபோன கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் வீட்டில் உட்கார்ந்தபடியே தேடலாம். வெளிநாட்டில் குடியேறிய பிறகும் பழைய சாதாரண சேமிப்புக் கணக்கையே வைத்திருப்பவர்கள் அதை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான) கணக்காக மாற்ற வேண்டும். பலர் இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்தப் பயணத்தில் முடித்துவிடுங்கள்.

பணம்: இளநீர்க்காரர், பூக்காரம்மா, டீக்கடை எல்லோரிடமும் கியூ.ஆர். அட்டை இருக்கிறது. யூ.பி.ஐ. இல்லாமல் வந்தால் ஒவ்வொரு இடத்திலும் சில்லறைக்கு முழிக்க வேண்டும். என்.ஆர்.ஐ. கணக்கு வைத்திருப்பவர்கள் சிங்கப்பூர், அமெரிக்கா, அமீரகம் போன்ற சில நாடுகளின் நம்பரை வைத்தே யூ.பி.ஐ. இயக்கலாம். உங்கள் வங்கி அதைச் செய்து தருகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். பழைய பர்ஸில் கிடக்கும் 2016-க்கு முந்தைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் இனி ஞாபகார்த்தம் மட்டும்தான். இரண்டாயிரம் ரூபாய் நோட்டு இருந்தால் அதை மாற்ற ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கி அலுவலகம்வரை போகவேண்டும். ஒரே ஒரு நோட்டுக்காக அரை நாளைச் செலவழிக்கலாமா என்பது உங்கள் முடிவு.

காகிதங்களில் பான், ஆதார், பாஸ்போர்ட், விசா அல்லது ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இவற்றின் ஜெராக்ஸ் நாலைந்து செட், பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ ஒரு டஜன். எல்லாமே ஃபோனில் இருக்கிறதே என்று வாதாடாதீர்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காகிதம்தான் கேட்பார். வீடோ மனையோ இருந்தால் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் கிளம்பும் முன்பே பார்த்துவிடலாம். சொத்து வரியும் மின்கட்டணமும் எங்கிருந்தும் கட்டலாம், இவற்றுக்காக ஊரில் ஒரு நாளைக்கூட ஒதுக்காதீர்கள்.

எங்கே தங்குவது

உறவினர் வீடு எங்கே இருக்கிறதோ அங்கே என்பதுதான் வழக்கம். அந்த வீடு கேளம்பாக்கத்தில் இருந்து, உங்கள் வேலைகள் புரசைவாக்கத்திலும் மாம்பலத்திலும் இருந்தால் இது சரிவராது. முதல் இரண்டு மூன்று நாள் மட்டுமாவது மெட்ரோ ரயில் பாதையில் ஒரு அறையோ சர்வீஸ் அபார்ட்மெண்ட்டோ எடுங்கள். கிண்டி, ஆலந்தூர், அசோக் நகர், எழும்பூர் எல்லாம் தோதான இடங்கள். ஆலந்தூரில் இரண்டு மெட்ரோ பாதைகளும் சேர்கின்றன. கிண்டியில் மெட்ரோவும் மின்சார ரயிலும் பக்கத்திலேயே. அத்தை வருத்தப்படுவார். வார இறுதியை அவர் வீட்டுக்கு என்று ஒதுக்கிச் சொல்லிவிட்டால் சமாதானமாகிவிடுவார்.

இன்னொன்று, மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை. மூன்று வழித்தடம், கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர். மயிலாப்பூர், பனகல் பார்க், ஆற்காடு ரோடு, ஓ.எம்.ஆர். என்று பல இடங்களில் இதற்காகத் தோண்டியிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த குறுக்கு வழி இப்போது ஒருவழிப் பாதையாகவோ தகர வேலியாகவோ இருக்கலாம். தங்குமிடத்தை முடிவு செய்யும் முன் அந்தத் தெரு முனையில் என்ன நடக்கிறது என்று உள்ளூரில் இருக்கும் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டிக் கிடக்கும் சொந்த வீடு இருந்தால்

அறை எதற்கு, அப்பா வீடு சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது என்று தோன்றும். தங்கலாம். ஆனால் இறங்கிய ராத்திரியே அங்கே போகாதீர்கள். இரண்டு நாள் முன்பே ஒருவரை அனுப்பிச் சில வேலைகளை முடிக்கச் சொல்ல வேண்டும்.

மொட்டை மாடித் தொட்டியையும் கீழே சம்ப்பையும் கழுவி, புதுத் தண்ணீர் ஏற்ற வேண்டும். மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மாதக் கணக்கில் ஓடாத மோட்டார் இறுகிப்போயிருக்கும். குளியலறை, சமையலறைத் துவாரங்களில் ஒவ்வொரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதிலுள்ள தண்ணீர் வற்றினால்தான் கரப்பான்பூச்சி மேலே வருகிறது, நாற்றமும் வருகிறது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர். கேஸ் டியூப் பழசாகியிருந்தால் மாற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியை நம்ப வேண்டாம், பத்து நாளுக்கு இருபது லிட்டர் கேன் இரண்டு மூன்று வாங்கினால் போதும்.

ஏ.சி.யை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் போடுவீர்கள், அது அன்றைக்குத்தான் தண்ணீர் கொட்டும். மெக்கானிக்கையும் முன்கூட்டியே வரச்சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்து தர யாருமில்லை என்றால் ஹோட்டலில் தங்குவதே லாபம். வீட்டுக்குப் பகலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இறங்கியதும்

விமான நிலையத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. காலை ஐந்து மணி வாக்கில் ஆரம்பித்து ராத்திரி பதினொன்று வரை ஓடும். வெளிநாட்டு விமானங்கள் பல நடுராத்திரிதான் வருகின்றன என்பது வேறு விஷயம். அப்போது ப்ரீபெய்ட் டாக்ஸி, அல்லது செயலி வழியாக டாக்ஸி. செயலி டாக்ஸிகள் வாசலுக்கு வராது, அடுக்குமாடி வாகன நிறுத்தத்துக்குப் போய் ஏற வேண்டியிருக்கும், பலகையைப் பார்த்துக்கொண்டே நடங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வயதான சித்தப்பாவைக் கார் எடுத்துக்கொண்டு வரவைப்பது நமக்கெல்லாம் பழக்கமாகிவிட்டது. வேண்டாம்.

அங்கிருந்தே திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று தெற்கே போகிறவர்கள் கவனிக்க: கோயம்பேட்டுக்குப் போகாதீர்கள். 2023 டிசம்பர் 30-ம் தேதி வண்டலூர் தாண்டிக் கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறந்தார்கள். தென் மாவட்ட அரசு பஸ்கள் இப்போது அங்கிருந்துதான். விமான நிலையத்திலிருந்து அது ஊருக்கு எதிர்த்திசை. பழைய ஞாபகத்தில் மெட்ரோவில் கோயம்பேடு போனால் மறுபடி அவ்வளவு தூரமும் திரும்பி வரவேண்டும். ரயில் என்றால் டிக்கெட்டில் எழும்பூரா தாம்பரமா என்று இரண்டு தடவை பாருங்கள்.

இரண்டு நடை வேலைகள் முதலில்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் செய்யவேண்டிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை நடை போகவேண்டும் என்று குறியுங்கள். இரண்டு நடை வேலைகளை முதல் இரண்டு வேலை நாளில் ஆரம்பித்துவிட வேண்டும். ஒரு நடை வேலைகள் நடுவில். தள்ளிப்போனாலும் பாதகமில்லை என்கிறவை கடைசியில்.

வங்கி எப்போதும் இரண்டு நடை. ஒரு கையெழுத்து பொருந்தாது, அல்லது மேனேஜர் லீவில் இருப்பார். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ப்ளவுஸ் தைக்கக் கொடுப்பது இரண்டு நடை, அளவு சரியில்லையென்றால் மூன்று. டெய்லர் "ஒரு வாரம் ஆகும்மா" என்றுதான் ஆரம்பிப்பார். ஆகவே புடவை எடுப்பதைக் கடைசி நாள் வைத்துக்கொள்கிறவர்கள் தைக்காத துணியோடுதான் விமானம் ஏறுவார்கள். இறங்கிய மறுநாளே தி. நகர் போய்விடுங்கள். வார நாளில், கடை திறந்ததும். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி. நகர் பஸ் நிலையம் வரை 2023-ல் ஆகாய நடைமேடை கட்டிவிட்டார்கள், ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் இறங்காமலே கடந்துவிடலாம். ரங்கநாதன் தெருவில் இடிபடுவதற்கென்றே வருகிறவர்களும் இருக்கிறார்கள், அது அவரவர் இஷ்டம். பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கினார்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக அது நல்ல இடம். துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை.

பல் வைத்தியம் மூன்று நடைகூட ஆகும். வேர் சிகிச்சை என்று சொல்லிவிட்டால் ஒரே நாளில் முடிவது அபூர்வம். முதல் நாளே காட்டி, பத்து நாளுக்குள் முடியுமா என்று கேட்டுவிட்டு வாயைத் திறங்கள். கண்ணாடி, நகை ரிப்பேர், அப்பா ஃபோட்டோவுக்குச் சட்டம் போடுவது, பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் வாங்குவது எல்லாம் இந்த வகை. உடல் பரிசோதனையும் அப்படித்தான். ரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்க்க இன்னொரு நாள்.

சொத்து விஷயமாகப் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுக்கச் சொல்லி வீட்டில் கேட்டால், அது நடைக் கணக்கில் வராது. ஊருக்கு வந்த அவசரத்தில், கிளம்பும் அன்று காலையில் சார் பதிவாளர் அலுவலக வாசலில் வைத்துப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நகலை முன்பே வாங்கி, உங்களுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். கூடப்பிறந்தவர்களாக இருந்தாலும்தான்.

ஒரு நாளுக்கு ஒரு பக்கம்

ஊரை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாரிமுனை, ராயபுரம், பெரம்பூர் வடக்கு. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை நடு. தி. நகர், மாம்பலம், கே.கே. நகர், வடபழனி மேற்கு. அடையாறு, திருவான்மியூர், ஓ.எம்.ஆர். தெற்கு. குரோம்பேட்டை, தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோடு பக்கம். ஒரு நாளில் ஒரு பக்கம் மட்டும். அன்றைக்கு அந்தப் பக்கத்து வங்கி, அந்தப் பக்கத்து பெரியம்மா, அந்தப் பக்கத்து டிபன். காலை எட்டிலிருந்து பதினொன்று, மாலை ஐந்திலிருந்து எட்டரை, இந்த நேரங்களில் காரில் பக்கம் மாறாதீர்கள்.

நீண்ட தூரத்துக்கு ரயில், கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ. கடற்கரை – செங்கல்பட்டு பாதையில் 2025 ஏப்ரலிலிருந்து ஏ.சி. மின்சார ரயிலும் ஓடுகிறது. நேரம் பார்த்துப் போனால் வெயிலில் வேர்க்காமல் மாம்பலத்திலிருந்து தாம்பரம் போய்விடலாம். மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் கிடையாது. இளஞ்சிவப்பு முகம் பூசிய பஸ் வந்தால் யோசிக்காமல் ஏறலாம். பழைய பஸ் நம்பர்கள் பல அப்படியே இருக்கின்றன. 29சி இன்னும் பெசன்ட் நகர் – பெரம்பூர்தான். பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கச் சென்னை ஒன் என்று ஒரு செயலி 2025-ல் வந்திருக்கிறது, அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ மீட்டர் கட்டணத்தை 2013-ல் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில் யாரும் வருவதில்லை. ஸ்டாண்டில் பேசுவதற்கு முன் செயலியில் என்ன காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், பேரத்துக்கு அதுதான் அடிப்படை. பாதி வழியில் "சார், அந்தப் பக்கம் மெட்ரோ வேலை, சுத்திட்டுத்தான் போணும், அம்பது சேத்துக் குடுங்க" என்பார். பெரும்பாலும் உண்மையாகவே சுற்றித்தான் போகிறார்.

முகவரி வாங்கும்போது புதிய எண், பழைய எண் இரண்டையும் கேளுங்கள். ஒரே தெருவில் 14 என்ற எண்ணில் இரண்டு வீடு இருக்கும், வரைபடம் தப்பான வீட்டில் கொண்டு நிறுத்தும். பக்கத்தில் என்ன கோயில், என்ன மருந்துக்கடை என்றும் கேட்டுவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பானால் வாசலில் செக்யூரிட்டி உங்கள் பெயரைச் செயலியில் போட்டு, வீட்டுக்காரர் சரி என்று அழுத்தினால்தான் விடுவார். நண்பர் ஃபோனைச் சைலண்டில் போட்டிருந்தால் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அதனால் முந்தின நாளே உங்கள் பெயரைப் பதிந்துவைக்கச் சொல்லுங்கள்.

மனிதர்கள்

முதலில் துக்கம் விசாரிக்க வேண்டிய வீடுகள். நீங்கள் இல்லாத வருடங்களில் இறந்துபோனவர்கள் இருப்பார்கள். ஃபோனில் பேசியிருந்தாலும் நேரில் போவது வேறு. மற்ற வீட்டு விருந்தெல்லாம் முடித்துவிட்டு ஏழாவது நாள் அங்கே போய் நின்றால் அவர்கள் மனதில் ஒரு குறை விழும். செவ்வாய், வெள்ளியில் இதற்காக வருவதைச் சில வீடுகளில் விரும்பமாட்டார்கள், கேட்டுக்கொண்டு போங்கள். கிளம்பும்போது "போய்ட்டு வரேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அந்த வீட்டில் அதைச் சொல்வதில்லை. சொல்லாமல் எழுந்து வருவதுதான் முறை.

அடுத்து எண்பதைத் தாண்டியவர்கள். இவர்களை எந்தக் கல்யாண மண்டபத்துக்கும் ஹோட்டலுக்கும் வரவழைக்காதீர்கள், நீங்கள்தான் போகவேண்டும். காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் நல்ல நேரம். குளித்து, பூஜை முடித்து உட்கார்ந்திருப்பார்கள், மதியத் தூக்கம் இன்னும் வந்திருக்காது. "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று ஆரம்பிப்பார்கள். "எப்ப கிளம்பற?" என்பது அடுத்த கேள்வி. இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டால் அப்புறம் அவர்களே பேசுவார்கள். ஃபோனைப் பையில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். பழைய ஆல்பம் இருந்தால் எடுத்துத் தரச் சொல்லி, யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் குடும்பத்தில் அநேகமாக அவர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

மற்ற உறவுகளையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஒரே இடத்தில் கூப்பிடுங்கள். கொஞ்சம் செலவாகும். எட்டு வீட்டுக்கு எட்டு நாள் ஓடுவதோடு ஒப்பிட்டால் மலிவு. அவர்களும் ஒருவரையொருவர் பார்த்து நாளாகியிருக்கும். யாரையும் விட்டுவிடாதீர்கள், விட்டவருக்குச் செய்தி அன்று மாலையே போய்விடும். தனியாக ஒரு வீட்டுக்குப் போவதானால் "காபி மட்டும் போதும் சித்தி" என்று ஃபோனிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னாலும் பஜ்ஜி வரும். ஆனால் முழுச் சாப்பாடு வராது.

வந்திருக்கும் செய்தியை ஒரே நேரத்தில் எல்லோருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். "அவனுக்குச் சொன்னே, எனக்குச் சொல்லலியே" என்ற பேச்சு வராது.

பரிசுப் பொருள்: வெளிநாட்டுச் சாக்லேட் இப்போது இங்கே எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கிறது. அதற்காக எட்டு கிலோ சுமக்காதீர்கள். உங்கள் வீட்டில் வருடக்கணக்கில் வேலை செய்த அம்மா, பழைய இஸ்திரிக்காரர், பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் இவர்களுக்கு ஒரு கவரில் கௌரவமான தொகை. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் வரமுடியாமல் போயிருக்கும், மொய் என்று சொல்லிக் கொடுத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்வார்கள்.

இடங்கள், சாப்பாடு

போகும் முன் அந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-ல் மூடி, அங்கே செம்மொழிப் பூங்கா வந்து வெகுகாலம் ஆயிற்று. அசோக் நகர் உதயம் தியேட்டர் 2024-ல் மூடிவிட்டது. சத்யம் இருக்கிறது, ஆனால் 2018-ல் பி.வி.ஆர். கைக்கு மாறிவிட்டது. அண்ணா சாலையில் 1844-ல் ஆரம்பித்த ஹிக்கின்பாதம்ஸ் இன்னும் புத்தகம் விற்கிறது. ஸ்பென்சர் பிளாசாவும் இருக்கிறது, பழைய கலகலப்பைத் தேடிப் போகாதீர்கள்.

பழைய வீட்டைப் பார்க்க ஆசைப்படுவீர்கள். தனி வீடாக இருந்தது பெரும்பாலும் இடித்து ஃப்ளாட் ஆகியிருக்கும். பகலில் போங்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், கேட்டுக்கு வெளியே நின்று சும்மா ஃபோட்டோ எடுக்காதீர்கள். "யாரப் பாக்கணும் சார்?" என்று வாட்ச்மேன் வருவார். "முன்னாடி இங்க குடியிருந்தோம்ணா" என்று சொன்னால் மாமரம் எங்கே இருந்தது என்று அவரே உங்களைக் கேட்கத் தொடங்குவார். பக்கத்து வீட்டில் பழையவர்கள் யாராவது இருக்கிறார்களா என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

சாப்பாட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. எங்கே போகவேண்டும் என்று ஏற்கனவே முடிவு செய்திருப்பீர்கள். முதல் இரண்டு நாள் மட்டும் வயிற்றைக் கொஞ்சம் பழக்குங்கள். சூடான இட்லி, பொங்கல், தயிர் சாதம் பரவாயில்லை. தெருவோரச் சட்னியும் கரும்புச் சாறும் மூன்றாம் நாளுக்கு. அப்புறம் திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் சாம்பாரில் இட்லியை மூழ்கடித்தாலும் சரி, மாட வீதிப் பக்கம் காளத்தி கடை ரோஸ் மில்க் குடித்தாலும் சரி. இவற்றையும் அந்தந்தப் பக்கத்து நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரோஸ் மில்க்குக்காக ஓ.எம்.ஆரிலிருந்து மயிலாப்பூர் வருகிறவரை நான் தடுக்கமாட்டேன், நேரம் மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஒன்றரை மணி.

கிளம்பும் நாள்

கடைசி நாளை முழுதாகக் காலியாக விடுங்கள். முதல் நாளில் ஆரம்பித்த இரண்டு நடை வேலைகளில் ஏதாவது ஒன்றின் இரண்டாம் நடை அன்றைக்குத்தான் வந்து சேரும்.

ஊறுகாய், நெய், எண்ணெய் எல்லாம் கையில் எடுத்துப்போகும் பையில் கூடாது. பெரிய பெட்டியில் போட வேண்டும், அதையும் இரண்டு பிளாஸ்டிக் உறையில் சுற்றி. கொப்பரைத் தேங்காய்க்கு விமானத்தில் அனுமதி கிடையாது, எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் பொருள் பட்டியலில் வருகிறது. அம்மா ஆசையாகக் கட்டித் தருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வற்றல், அரிசி, விதை, பால் பலகாரம் இவற்றை நீங்கள் போகும் நாட்டில் விடுவார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதம் போடுவார்கள்.

சொந்த வீட்டில் தங்கியிருந்தால் கேஸ் ரெகுலேட்டர், தொட்டி வால்வு, ஃபிரிட்ஜ் பிளக் மூன்றையும் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். ஃபிரிட்ஜ் கதவை லேசாகத் திறந்தே வைக்க வேண்டும், மூடிவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஒரு சாவி பக்கத்து வீட்டில்.

வழியனுப்ப ஒரு வேன் நிறைய வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள், கார் வாசலில் நிற்கவும் விடமாட்டார்கள். மாலை விமானமானால் மெட்ரோ. நடுராத்திரி விமானமானால் ஒன்பது மணிக்கே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், கத்திப்பாராவில் எந்த நேரமும் நெரிசல் இருக்கும்.